அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்: முதலில் ஐபி கணக்கு, பிறகு இன்ஸ்டால்

கையில் மூன்று நான்கு சர்வர்கள் இருக்கின்றன. டெவலப்பர்கள் விஎம் (ஒரு சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் மெஷின்) கேட்டு தினமும் டிக்கெட் போடுகிறார்கள். அவர்களே போர்ட்டலில் நுழைந்து, தங்களுக்கு ஒதுக்கிய அளவுக்குள் வேண்டியதை எடுத்துக்கொண்டால் தேவலை. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத் திறந்த மூல மென்பொருள்களில் எங்கள் முதல் பரிந்துரை அப்பாச்சி கிளவுட்ஸ்டாக். இதே வேலையைச் செய்யும் ஓப்பன்ஸ்டாக் என்றால் நோவா, நியூட்ரான், சிண்டர், கிளான்ஸ், கீஸ்டோன் என்று ஒவ்வொன்றும் தனி சர்வீஸ், தனி கன்ஃபிக். பராமரிக்கவே ஆள் வேண்டும். கிளவுட்ஸ்டாக்கில் ஜாவாவில் எழுதிய ஒரு மேனேஜ்மென்ட் சர்வர், ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், ஒவ்வொரு கேவிஎம் ஹோஸ்டிலும் (லினக்ஸின் கேவிஎம் கொண்டு விஎம்களை ஓட்டும் சர்வர்) ஒரு ஏஜென்ட், அவ்வளவுதான். இரண்டு பேர் இருக்கும் ஐடி டீம் சமாளித்துவிடும்.

ஆனால் இன்ஸ்டால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். பேக்கேஜ்களை ஏற்றுவது சுலபம். அதற்குப் பிறகு சோன் உருவாக்கும் விசார்ட் வரிசையாகக் கேள்வி கேட்கும்போது பதில் கையில் இல்லாவிட்டால்தான் வம்பு. புதிதாக வருபவர்கள் வெறுத்துப்போய்க் கைவிடும் இடம் பெரும்பாலும் நெட்வொர்க்தான். அதனால் இங்கேயும் அதற்கே அதிக இடம்.

பின்னணி சுருக்கமாக. 2008-இல் விஎம்ஆப்ஸ் என்று தொடங்கிய கம்பெனி 2010-இல் கிளவுட்.காம் என்று பெயர் மாறியது. 2011-இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கியது. 2012 ஏப்ரலில் மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2013 மார்ச் முதல் அது அங்கே முழுநிலைத் திட்டம். இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: காசு கொடுத்தால் மட்டும் திறக்கும் 'என்டர்பிரைஸ்' பதிப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. எல்லா வசதியும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. கேவிஎம், எக்ஸ்சிபி-என்ஜி, விஎம்வேர் என்ற மூன்று ஹைப்பர்வைசர்களையும் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) கையாளும். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திய பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் அதிகம். 4.19 பதிப்பிலிருந்து விஎம்வேர் விஎம்மை கேவிஎம்முக்கு மாற்றிக் கொண்டுவரும் வசதி போர்ட்டலிலேயே இருக்கிறது. இனி சொல்வதெல்லாம் உபுண்டு சர்வரில் கேவிஎம் வைத்து ஓட்டுபவர்களுக்கு.

சோன், பாட், கிளஸ்டர், ஹோஸ்ட் என்ற நான்கு அடுக்கைப் பார்த்து மிரள வேண்டாம். சோன் என்பது ஒரு டேட்டா சென்டர், பாட் என்பது ஒரு ரேக், கிளஸ்டர் என்பது ஒரே ஹைப்பர்வைசர் ஓடும் ஹோஸ்ட்களின் கூட்டம். சின்ன அமைப்புக்கு எல்லாவற்றிலும் ஒன்று போதும். ஸ்டோரேஜ் இரண்டு வகை. ஓடும் விஎம்களின் டிஸ்க் இருப்பது பிரைமரி. டெம்ப்ளேட் (புதிய விஎம்முக்கான அச்சு), ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கின் நகல்), ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் எடுத்த டிஸ்க் நகல்) இருப்பது செகண்டரி. பிரைமரி வேகமாக இருக்க வேண்டும். செகண்டரிக்குப் பழைய சாட்டா டிஸ்க் போதும்.

மேனேஜ்மென்ட் சர்வருக்கு ஆவணம் சொல்வது குறைந்தது 4 ஜிபி ரேம், 50 ஜிபி டிஸ்க், மாறாத ஐபி, முழு டொமைன் பெயரோடு கூடிய ஹோஸ்ட்நேம். ஹோஸ்ட்களில் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும். பழகிப் பார்க்க 16 ஜிபி ரேம் உள்ள ஒரே மெஷினில் மேனேஜ்மென்ட், டேட்டாபேஸ், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் பகிரும் முறை), கேவிஎம் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாம். நிஜ வேலைக்குப் போகும்போது அப்படிச் செய்யாதீர்கள்.

ஐபி திட்டம்

பேப்பரை எடுத்து வையுங்கள். 192.168.10.0/24 என்று ஒரு நெட்வொர்க், கேட்வே .1, அதில் வேறு டிஎச்சிபி சர்வர் (தானாக ஐபி கொடுப்பது) எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மேனேஜ்மென்ட் சர்வருக்கு .10. ஹோஸ்ட்களுக்கு .11 முதல் .19 வரை. பாடுக்கான ரிசர்வ்டு ஐபி (கிளவுட்ஸ்டாக் தன் சொந்த விஎம்களுக்கு எடுத்துக்கொள்வது) .20 முதல் .40 வரை. பப்ளிக் ஐபி .100 முதல் .199 வரை. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஆபீஸ் ரவுட்டரின் டிஎச்சிபி இதே ரேஞ்சில் ஐபி கொடுத்துக்கொண்டிருந்தால், இன்று ஓடும் விஎம் நாளைக்கு ஏன் நின்றது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே 'பப்ளிக்' என்பதைப் பார்த்து, இன்டர்நெட் ஐபி வாங்க வேண்டுமோ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. கிளவுடுக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே வரப் பயன்படுத்தும் ஐபி என்றுதான் பொருள். ஆபீஸுக்குள் மட்டும் பயன்பாடு என்றால் ஆபீஸ் லேன் ஐபியே 'பப்ளிக்'.

எத்தனை வேண்டும்? கிளவுட்ஸ்டாக் தன் வேலைக்காக ஓட்டும் சிஸ்டம் விஎம்கள் இரண்டு: செகண்டரி ஸ்டோரேஜ் விஎம்முக்கு ஒன்று, விஎம்மின் திரையைப் போர்ட்டலில் காட்டும் கன்சோல் பிராக்ஸி விஎம்முக்கு ஒன்று. பிறகு ஒவ்வொரு ஐசோலேட்டட் (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட) நெட்வொர்க்கின் விர்ச்சுவல் ரவுட்டருக்கும் ஒன்று. பத்து துறைகளுக்குப் பத்து நெட்வொர்க் கொடுத்தால் 12 போய்விடும். அதற்கு மேல் ஸ்டாட்டிக் நேட் (ஒரு பப்ளிக் ஐபியை ஒரே விஎம்முக்குக் கொடுப்பது) போடும் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒன்று கூடுதல். ஒரு துறைக்குப் பல நெட்வொர்க் வேண்டும் என்றால் விபிசி (பல நெட்வொர்க்கை ஒரே ரவுட்டரின் கீழ் வைக்கும் அமைப்பு) போடுங்கள். அதற்குள் எத்தனை டியர் (உள் நெட்வொர்க்) இருந்தாலும் அடிப்படையில் ஒரே ரவுட்டர், ஒரே பப்ளிக் ஐபி. பாட் ரிசர்வ்டு ஐபி கேவிஎம்மில் குறைவாகவே செலவாகும், ஏனென்றால் விர்ச்சுவல் ரவுட்டரைக் கட்டுப்படுத்த 169.254 என்று தொடங்கும் லிங்க்-லோக்கல் ஐபியைப் பயன்படுத்துகிறது. விஎம்வேரில் ஒவ்வொரு ரவுட்டரும் பாடிலிருந்தே ஒரு ஐபியை எடுக்கும். அங்கே ரேஞ்சைத் தாராளமாக வையுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க் (பயனர்களின் விஎம்கள் இருக்கும் நெட்வொர்க்) எல்லாமே 10.1.1.0/24 என்று வந்தால் பதற வேண்டாம். அதுதான் டிஃபால்ட், விலேன் (ஒரே சுவிட்ச்சில் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் எண்) வேறுவேறு என்பதால் மோதாது. ஆனால் அந்த விலேன் ரேஞ்ச், உதாரணமாக 500 முதல் 599 வரை, ஹோஸ்ட் செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டில் டிரங்க்காக (பல விலேன்களைக் கடத்தும் இணைப்பாக) அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இதை மறந்தால் ஒரு விசித்திரமான அறிகுறி தெரியும்: ஒரே ஹோஸ்டில் இருக்கும் இரண்டு விஎம்கள் நன்றாகப் பேசிக்கொள்ளும். ஒன்றை வேறு ஹோஸ்டுக்கு மாற்றியதும் பிங் நின்றுவிடும். ரவுட்டர் இருக்கும் ஹோஸ்டில் உள்ள விஎம்களுக்கு மட்டும் ஐபி கிடைக்கும், மற்றவை டிஎச்சிபிக்குக் காத்தே கிடக்கும். இதைக் கண்டால் கிளவுட்ஸ்டாக்கைக் குடையாதீர்கள், சுவிட்ச்சைப் பாருங்கள்.

ஏற்றும் வேலை

உபுண்டுவில் முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். இன்ஸ்டாலர் வழக்கமாக ஹோஸ்ட்நேமை 127.0.1.1-உடன் இணைத்து வைத்திருக்கும். அதை நிஜ ஐபிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வரி செய்யும் அட்டகாசம் பிறகு வரும். குரோனி போட்டு எல்லா மெஷினிலும் நேரத்தை ஒன்றாக்குங்கள்.

ஹோஸ்டில் பிரிட்ஜ் (விஎம்களை நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) போடும்போது ஐபி பிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும், நெட்வொர்க் கார்டின் மேல் இருக்கக் கூடாது. பிரிட்ஜின் பெயரை ஆவணத்தில் உள்ளபடி கிளவுட்பிஆர்0 (cloudbr0) என்றே வையுங்கள். விசார்ட்டில் டிராஃபிக் லேபிள் கேட்கும் இடத்தில் இதே பெயர்தான் வர வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் ஹோஸ்ட் சேராது. உபுண்டுவின் நெட்வொர்க் கன்ஃபிக்கான நெட்பிளான் ஃபைலில் இடைவெளி பிசகினால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் இணைப்பு) அறுந்துபோகும். ஐடிராக்கோ, ஐஎல்ஓவோ (இரண்டும் சர்வரோடு வரும் தொலைநிலைக் கன்சோல்), நேரடி மானிட்டரோ, ஏதாவது ஒரு கன்சோல் கையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

மைஎஸ்க்யூஎல் கன்ஃபிக்கில் சேர்க்க வேண்டியவை: சர்வர் ஐடி 1, இன்னோடிபி லாக் வெய்ட் டைம்அவுட் 600, மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 350, டைம்அவுட் ஆனால் முழு ரோல்பேக், பின்லாக் ஃபார்மட் 'ரோ'. லாக் வெய்ட்டை டிஃபால்ட் 50 விநாடியிலேயே விட்டால் வேலைகள் நெருக்கும்போது சில பாதியில் செத்துப்போகும். பிறகு டேட்டாபேஸ் செட்டப் ஸ்கிரிப்ட், மேனேஜ்மென்ட் செட்டப் ஸ்கிரிப்ட் இரண்டையும் வரிசையாக ஓட்டினால் 8080 போர்ட்டில் போர்ட்டல் வந்துவிடும். யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்ட் 'பாஸ்வேர்ட்'. முதல் வேலையாக மாற்றுங்கள்.

பழைய கட்டுரைகளைப் பார்த்து செய்பவர்கள் சிஸ்டம் விஎம் டெம்ப்ளேட்டைக் கையால் டவுன்லோடு செய்து என்எஃப்எஸ்ஸில் போட மெனக்கெடுகிறார்கள். 4.16 முதல் அது பேக்கேஜோடு வந்து தானாகவே ஏறிவிடும்.

என்எஃப்எஸ்ஸில் இரண்டு கண்ணி. ரூட் ஸ்குவாஷை (ரூட் பயனரின் உரிமையைக் குறைக்கும் ஆப்ஷன்) அணைக்காவிட்டால் ஃபைல் எழுத அனுமதி இல்லை என்று வரும். இன்னொன்று, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஹோஸ்ட்களின் ஐபிக்கு மட்டும் எக்ஸ்போர்ட் செய்வது. செகண்டரி ஸ்டோரேஜை மவுன்ட் செய்வது ஹோஸ்ட் மட்டுமல்ல, செகண்டரி ஸ்டோரேஜ் விஎம்மும்தான். அதன் ஐபி பாட் ரேஞ்சிலிருந்து வருகிறது. நம் கணக்கில் .20 முதல் .40 வரையிலும் எக்ஸ்போர்ட்டில் சேர்க்க வேண்டும். விரைவு இன்ஸ்டால் வழிகாட்டியில் உள்ள 'அசிங்க்' ஆப்ஷனை (டிஸ்க்கில் எழுதும் முன்பே முடிந்தது என்று சொல்வது) பழகும்வரை வைத்துக்கொள்ளலாம். உண்மையான டேட்டா வந்த பிறகு 'சிங்க்'தான், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது டிஸ்க் இமேஜ் பாழாகலாம்.

கேவிஎம் ஹோஸ்ட் பக்கம் லிப்விர்ட் (கேவிஎம்மை இயக்கும் சர்வீஸ்) 16509 போர்ட்டில் டிசிபி இணைப்புகளை ஏற்க வேண்டும். சிஸ்டம்டியில் லிப்விர்ட்டின் சாக்கெட் யூனிட்களை மாஸ்க் செய்யாவிட்டால் (முழுதாக முடக்காவிட்டால்) லிசன் ஆப்ஷன் போட்ட பிறகு லிப்விர்ட் எழுந்திருக்காது. உபுண்டுவின் பாதுகாப்பு அடுக்கான ஆப்ஆர்மரில் லிப்விர்ட் புரொஃபைல்களை அணைக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் டிசிபி திறப்பதா என்று பயம் வரலாம், நியாயம்தான். ஹோஸ்டைச் சேர்க்கும்போது கிளவுட்ஸ்டாக் தன் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) மூலம் சான்றிதழ் கொடுத்து, மறைகுறியாக்கிய டிஎல்எஸ் இணைப்புக்கு, 16514 போர்ட்டுக்கு, மாற்றிவிடும். ஹோஸ்டைச் சேர்க்க ரூட் எஸ்எஸ்எச் லாகின் வேண்டும். உபுண்டுவில் பாஸ்வேர்டுடன் ரூட் லாகின் மூடியிருக்கும். திறந்து, சேர்த்து, மூடிவிடுங்கள்.

முதல் ஹோஸ்ட் சேர்ந்து இரண்டாவது மட்டும் முரண்டு பிடித்தால் யுயுஐடியை (மெஷினின் தனி அடையாள எண்) பாருங்கள். சில மலிவு மதர்போர்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே யுயுஐடி பதிந்திருக்கும். கிளவுட்ஸ்டாக்குக்கு இரண்டும் ஒரே மெஷினாகத் தெரியும். லிப்விர்ட் கன்ஃபிக்கில் ஹோஸ்ட் யுயுஐடி என்ற வரியில் புதிதாக ஒன்றை எழுதி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

சிஸ்டம் விஎம் எழுந்ததா?

சோனை எனேபிள் செய்ததும் இரண்டு சிஸ்டம் விஎம்கள் தானாக உருவாகும். 'ஸ்டேட்' என்ற நெடுவரிசையில் 'ரன்னிங்' என்று பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் 'ஏஜென்ட் ஸ்டேட்' 'அப்' என்று வந்தால்தான் முடிந்தது. வரவில்லை என்றால் பெரும்பாலும் 'ஹோஸ்ட்' என்ற குளோபல் செட்டிங்தான் குற்றவாளி. சிஸ்டம் விஎம்கள் அந்த ஐபியின் 8250 போர்ட்டுக்குத்தான் பேசும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 விட்டு வைத்திருந்தாலோ, சர்வரில் இரண்டு ஐபி இருந்தாலோ அங்கே தப்பான முகவரி உட்கார்ந்திருக்கும். சரிசெய்து, மேனேஜ்மென்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு சிஸ்டம் விஎம்களையும் அழியுங்கள். தானாகவே புதிதாக வரும்.

அப்படியும் வராவிட்டால், அந்த விஎம் ஓடும் ஹோஸ்டிலிருந்து அதன் 169.254 ஐபிக்கு 3922 போர்ட்டில், ஹோஸ்டில் உள்ள கிளவுட் சாவியைக் கொண்டு எஸ்எஸ்எச் செய்யுங்கள். உள்ளே எஸ்எஸ்விஎம் செக் என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். டிஎன்எஸ், என்எஃப்எஸ் மவுன்ட், 8250 இணைப்பு, ஜாவா புராசஸ் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எது தவறு என்று சொல்லிவிடும். இந்தத் தொகுப்பிலேயே மிக உபயோகமான ஸ்கிரிப்ட் இதுதான். இதைப் போர்ட்டலில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு முக்கியமான இடத்தில் வைத்திருக்கலாம்.

எல்லாம் சரி என்பதற்கு அடையாளம், கூடவே வரும் மாதிரி டெம்ப்ளேட் டவுன்லோடு ஆகி 'ரெடி' ஆவது. பல பதிப்புகளாக அது சென்டோஎஸ் 5.5, அதாவது 2010-இல் வந்த லினக்ஸ். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்கு உபுண்டுவின் கிளவுட் இமேஜை ஏற்றுங்கள். உள் நெட்வொர்க்கில் இருக்கும் வெப் சர்வரிலிருந்து ஏற்றப் போகிறீர்கள் என்றால், அந்த ஐபியை அனுமதிக்கப்பட்ட இன்டர்னல் சைட்கள் என்ற செட்டிங்கில் சேர்க்காமல் நடக்காது. பிரவுசரிலிருந்து நேரடி அப்லோடு, சரியான எஸ்எஸ்எல் சான்றிதழ் போடும்வரை தகராறுதான்.

முதல் விஎம் ஓடுகிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று புலம்புவது அடுத்த கட்டம். டிஃபால்ட் ஐசோலேட்டட் நெட்வொர்க்கில் வெளியே போகும் டிராஃபிக் மூடியே இருக்கும். அதைத் திறக்க எக்ரஸ் ரூல் ஒன்று சேர்க்க வேண்டும். உள்ளே வர ஃபயர்வால் ரூல், போர்ட் ஃபார்வர்டிங் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

போர்ட்டலுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். 4.15-இல் வந்த புதிய முகம் வேகமானது, டொமைன், அக்கவுன்ட், புராஜெக்ட் வாரியாக லிமிட் வைப்பது தெளிவாக இருக்கிறது. போர்ட்டலில் செய்வதையெல்லாம் ஏபிஐயிலும் (புரோகிராம் வழியாக) செய்யலாம். சிஎம்கே என்ற கமாண்ட்லைன் கருவி, டெராஃபார்ம் புரொவைடர், ஆன்சிபிள் மாட்யூல்கள் இருக்கின்றன. யூசேஜ் சர்வரைத் தனி பேக்கேஜாகப் போட்டால் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற பதிவு வரும். ஆனால் ஜிஎஸ்டியோடு பில் அடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நம் வேலை.

குபெர்னெட்டிஸ் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரை ஒரே படிவத்தில் உருவாக்கும் வசதியும் உண்டு. எண்ட்பாயின்ட் யுஆர்எல் என்ற செட்டிங் டிஃபால்ட்டாக லோக்கல்ஹோஸ்டைக் காட்டும். அதை மாற்றாமல் கிளஸ்டர் போட்டால் நீண்ட நேரம் சுற்றிவிட்டுத் தோல்வி என்று வரும்.

எரிச்சலூட்டும் இடம் எரர் மெசேஜ். 'இன்சஃபிஷியன்ட் கெபாசிட்டி' என்ற ஒரே வாசகத்துக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். ரேம் தீர்ந்திருக்கலாம். ஸ்டோரேஜ் 85 சதவீதத்தைத் தொட்டதால் ஒதுக்குவதை நிறுத்தியிருக்கலாம், அதுதான் டிஃபால்ட் வரம்பு. ஆஃபரிங்கில் (விஎம்மின் அளவை வரையறுக்கும் அமைப்பு) உள்ள டேக் எந்த ஹோஸ்டிலும் இல்லாமல் இருக்கலாம். லோக்கல் ஸ்டோரேஜ் கேட்கும் ஆஃபரிங்கை, அது எனேபிள் ஆகாத சோனில் பயன்படுத்தியிருக்கலாம். மேனேஜ்மென்ட் சர்வர் லாகில் அந்த வேலைக்குரிய லாக்ஐடியைப் பிடித்து கிரெப் செய்தால் (தேடினால்) எந்த ஹோஸ்ட் எதனால் கழிக்கப்பட்டது என்று வரிவரியாக இருக்கும். அந்தக் காரணத்தைப் பயனரிடமே சொன்னால் என்ன?

இடம் தீர்ந்துவிட்டதே என்று விஎம்மை அழித்தும் இடம் திரும்பவில்லையா? அழித்ததை முழுதாக நீக்கும் முன் காத்திருக்கும் எக்ஸ்பஞ்ச் டிலே, எக்ஸ்பஞ்ச் இன்டர்வல் இரண்டும் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள். அழித்ததை மீட்க உதவும் வசதி அது. அவசரம் என்றால் அழிக்கும்போதே எக்ஸ்பஞ்சை டிக் செய்யுங்கள். ஓடும் விஎம்மின் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுக்க கேவிஎம் ஸ்னாப்ஷாட் என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை தலைவலி மட்டும், இனி சொல்வது ஆபத்து. கேவிஎம் ஏஜென்ட் என்எஃப்எஸ் பிரைமரியில் இதயத்துடிப்பு போல அவ்வப்போது எழுதிக்கொண்டே இருக்கும். எழுத முடியாமல் போனால் ஹோஸ்டை அப்படியே ரீபூட் செய்துவிடும். ஒரே விஎம் இரண்டு ஹோஸ்டில் ஓடி டிஸ்க் கெடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, காரணம் சரிதான். ஆனால் என்எஃப்எஸ் சர்வரை அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்தால் எல்லா ஹோஸ்ட்களும் ஒருசேர விழும். ஏஜென்ட் புராப்பர்ட்டீஸ் ஃபைலில் இதை அணைக்கலாம். ஹெச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்மை வேறு ஹோஸ்டில் தானாக எழுப்புவது) தேவையில்லாத சின்ன இடங்களில் அணைத்துவிடுவதே நல்லது.

பாதுகாப்பில் ஒரு பழைய கணக்கு. 2024 ஜூலையில் இரண்டு ஓட்டைகள் வெளியாயின. 9090 போர்ட்டில் இருக்கும் கிளஸ்டர் சர்வீஸ் (மேனேஜ்மென்ட் சர்வர்கள் தங்களுக்குள் பேசுவது) அங்கீகாரம் கேட்காமல் கமாண்ட் ஏற்றது ஒன்று. அணைத்து வைத்த இன்டக்ரேஷன் ஏபிஐ ஏதோ ஒரு போர்ட்டில் தானாகத் திறந்திருந்தது இன்னொன்று. 4.18.2.1, 4.19.0.2 பதிப்புகளில் அடைத்துவிட்டார்கள். அதற்கு முந்தையதை ஓட்டுபவர்கள் இன்றே மாற்றுங்கள். எந்தப் பதிப்பானாலும் மேனேஜ்மென்ட் சர்வரின் ஃபயர்வாலில் 8250-ஐ ஹோஸ்ட்களுக்கும் சிஸ்டம் விஎம்களுக்கும் மட்டும், 9090-ஐ மற்ற மேனேஜ்மென்ட் சர்வர்களுக்கு மட்டும் திறந்து, போர்ட்டலை என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் எச்டிடிபிஎஸ்ஸில் வையுங்கள்.

ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது, பயனரும் நீங்கள் ஒருவர்தான் என்றால் இதைத் தொடாதீர்கள். பிராக்ஸ்மாக்ஸ் என்ற எளிய விஎம் மென்பொருள் போதும், சிஸ்டம் விஎம்களுக்கு ரேம் கொடுக்க வேண்டியதும் இல்லை. மூன்று நான்கு ஹோஸ்ட், பல துறைகள் அல்லது வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு நடுவே சுவர் வேண்டும் என்ற நிலை வந்தால் கிளவுட்ஸ்டாக்குக்கு வாருங்கள். அப்போது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பாகவே எடுங்கள். அப்கிரேடுக்கு முன் கிளவுட், கிளவுட் யூசேஜ் இரண்டு டேட்டாபேஸையும் டம்ப் எடுங்கள். அப்கிரேடு முடிந்ததும் விர்ச்சுவல் ரவுட்டர்களைப் புதிய டெம்ப்ளேட்டுக்கு மாற்ற ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அந்தந்த நெட்வொர்க் சிறிது நேரம் அறுந்துபோகும் என்பதைப் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.